ஐந்து மணி இருபது நிமிடம்

இவன் கையில் கட்டியிருக்கிற பட்டையைத்தானே பார்க்கிறீர்கள்? ஆரப்பாளையத்தில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். பயப்படாதீர்கள் அக்கா, நான் பிள்ளை பிடிக்கிறவள் இல்லை. என் பிள்ளைதான். பட்டையிலேயே எழுதியிருக்கிறது பாருங்கள். லோகித், ஆண், இரண்டு வயது ஒன்பது மாதம், தாய் பெயர் சுகுணா. சுகுணா நான்தான். கத்தரிக்கோல் இருந்தால் வெட்டியிருப்பேன். பல்லால் கடித்துப் பார்த்தேன், அறுபடவில்லை. ஆஸ்பத்திரிப் பட்டையை அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

கொஞ்சம் என் பக்கமாகத் தள்ளி உட்காருகிறீர்களா? நான் பேசுவது கேட்கிறதா? என் குரல் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே சத்தமாகப் பேசு, சத்தமாகப் பேசு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி இன்னும் உள்ளே போய்விட்டது. நான் பி.எஸ்ஸி. விலங்கியல். வாய்மொழித் தேர்வில் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “மண்புழுவை அறுக்கச் சொன்னா, மண்புழு மாதிரியே பேசுதே இந்தப் பொண்ணு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், யாருக்கும் கேட்டிருக்காது.

அதை விடுங்கள். ஆமாம், வார்டில் சொல்லாமல்தான் வந்துவிட்டேன். நாளைக் காலை எட்டு மணிக்கு இவனுக்கு ஆபரேஷன். முதல் பெயரே இவன்தான். மூன்று மணிக்கு நர்ஸிடம், பால் வாங்கி வருகிறேன் என்றேன். பால் வாங்கினேன், பொய் சொல்லவில்லை, இதோ பையில் இருக்கிறது. வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். சாயந்திரம் ஆறு மணிக்கு வார்டில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிட்டு அடுத்த பிள்ளையைப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் நான்கு மாதம் கழித்துத்தான் தேதி.

அந்த நான்கு மாதம்தான் எனக்கு வேண்டும். உண்மையில் மூன்று மாதம் போதும். மூன்று மாதத்தில் இவனுக்கு மூன்று வயது முடிந்துவிடும். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற மூளைக்குத்தான் ஆபத்து.

மயக்க மருந்தால்தான் அக்கா. வேறு எதனால்?

இவன் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் பிளந்திருந்தது. இப்போது பார்த்தால் தெரியாது, ஒரு கோடு மாதிரிதான் இருக்கிறது. நான்காவது மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். பதினோராவது மாதத்தில் அண்ணம். தைத்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விட்டுப்போய், குடிக்கிற பால் மூக்கில் வந்தது, அதற்காக இருபதாவது மாதத்தில் இன்னொரு முறை. மூன்று ஆபரேஷன், மூன்று மயக்கம். தியேட்டர் வாசலில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மற்ற அம்மாக்கள் எல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முதல் முறை ஒரு மணி பத்து நிமிடம். இரண்டாவது இரண்டு நாற்பது. மூன்றாவது ஒன்றரை. மொத்தம் ஐந்து மணி இருபது நிமிடம் என் பிள்ளை மயக்கத்தில் இருந்திருக்கிறான்.

மூன்றாவது முறை என்னையும் உள்ளே விட்டார்கள். பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று. என் மடியில் வைத்துக்கொண்டேன். மாஸ்க்கை முகத்தில் வைத்தார்கள். இனிப்பாக ஒரு வாசனை. என் விரலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். பிடி இறுகியிருந்தது. அப்புறம் தளர்ந்தது. கண் மூடவில்லை அக்கா. கண் திறந்தபடியே ஆள் போய்விட்டான். தூங்குகிற பிள்ளையை நான் எத்தனை முறை தூக்கியிருக்கிறேன். அது வேறு, இது வேறு.

அன்றைக்கு ராத்திரி வார்டில் போனை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். எலிக்குட்டிகளுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிறந்து ஏழு நாள் ஆன குட்டிகள். மூளையில் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போயிருக்கின்றன. வளர்ந்த பிறகு அதுகளுக்கு வழி நினைவிருக்கவில்லை. மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு ரொம்ப நேரமோ பல முறையோ கொடுத்தால் யோசித்துக் கொடுங்கள் என்று வெளிநாட்டில் எச்சரிக்கையே போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட மூன்று காகிதத்திலும் இது இல்லை. நான் மூன்றையும் முழுசாகப் படித்துத்தான் போட்டேன்.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிப்பது எனக்கு வரும். பேச்சுதான் வராது. கல்லூரியில் மூன்று மாதம் தவிட்டுக்குருவிகளைப் பார்த்து ஒரு ஆய்வு செய்தேன். மணி, நாள், வெயில், எத்தனை குருவி, எது கத்தியது, எது பறந்தது எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். மேடம் பிரமாதம் என்றார். ஒரே ஒரு குறைதான் சொன்னார். “நீ எங்க நின்னு பார்த்தேன்னு ஒரு இடத்துலகூட எழுதல சுகுணா.” எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் எங்கே நின்றால் என்ன, குருவிதானே முக்கியம்?

அதே மாதிரி இவனுக்கும் ஒரு நோட்டு போட்டேன். இதோ இதுதான், வாங்கிப் பாருங்கள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. ‘பந்தை எடு’ என்றேன், பந்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தான். எப்போதும் வாயைத்தான் பார்ப்பான். தன் உதட்டில் தையல் இருக்கிறதே, என் உதட்டில் இல்லையே என்று பார்க்கிறானோ என்னவோ. வார்த்தை என்று எடுத்தால் நான்கைந்துதான். அதுவும் மூக்கால் வரும். கிரைண்டர் ஓடினால் போய்க் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிப்பான். எந்தப் பிள்ளை அக்கா கிரைண்டரைப் பார்த்துச் சிரிக்கும்?

இன்னொன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை இனி எங்கே பார்க்கப்போகிறேன், அதனால் சொல்கிறேன். இவன் அப்பா கூப்பிட்டால் திரும்புவான். அத்தை கூப்பிட்டால் திரும்புவான். நான் கூப்பிட்டால்தான் திரும்ப மாட்டான்.

இவன் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில், கமிஷன் மண்டியில் ஏலம் கூவுகிறவர். தண்டபாணி என்றால் மார்க்கெட் முழுக்கத் தெரியும். அவர் தக்காளிக்கு விலை கூவினால் முருங்கைக்காய்க்காரன் கையைத் தூக்குவான், அப்படி ஒரு தொண்டை. வீட்டுக்கு வந்தாலும் அதே தொண்டைதான். “லோகீ!” என்று வாசலில் ஒரு சத்தம். இவன் எங்கே இருந்தாலும் ஓடுவான். தோளில் ஏறிக்கொண்டு அப்பா தலைமேல் கன்னத்தை வைத்துக்கொள்வான். அவர் பேசப் பேச இவன் சிரிப்பான். அவர் என்னைப் பார்த்து, “இவனுக்கா மூளை இல்லங்கிற? அறுவது கிலோ மூட்டைய இவன் கூவி வித்துருவான்” என்பார்.

என் நாத்தனார் ஈஸ்வரி, ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷம். மில் இரைச்சலில் பேசிப் பேசி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அடுத்த தெருவில் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரி பேசுவார். அவர் சொல்வார், “பெத்தவ கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், அத்தை கூப்பிட்டா பறந்து வர்றான் பாரு! என்ன சுகுணா, பிள்ளைகிட்ட சண்டையா?” சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த ஐந்து மணி இருபது நிமிடத்தில் அந்த மருந்து எல்லாவற்றையும் அழிக்கவில்லை. இவன் மூளையில் அம்மா இருந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டது. கடைசியாகப் பார்த்த முகம் என் முகம்தானே. அதைப் பார்த்துக்கொண்டேதானே போனான்.

சரி, அழவில்லை. புகைதான். முன்னால் போகிற லாரிப் புகை.

நாளைக்கு என்ன ஆபரேஷன் என்று கேட்டீர்கள். காதில். கேட்டால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குக் காதுக்குள்ளே நீர் கட்டிக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடுமாம். செவிப்பறை அசையாதாம். அதில் ஒரு சின்னக் குழாய் வைக்க வேண்டுமாம். ஒரு மெஷினைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு சாலை மாதிரி தட்டையாக வந்தது. காது டாக்டர் அதைக் காட்டி, “பாதிதான் கேக்குதும்மா பிள்ளைக்கு” என்றார்.

இவனுக்கா கேட்காது? நான் வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். இவன் தரையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் போய் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். தூக்கிவாரிப் போட்டது இவனுக்கு. திரும்பிப் பார்த்தான். குக்கர் விசில் அடித்தால் திரும்புவான். போன் அதிர்ந்தால் எனக்கு முன்னால் இவன்தான் எடுப்பான். கேட்காத பிள்ளையா இதெல்லாம் செய்யும்? காது நன்றாகத்தான் இருக்கிறது. கேட்பதைப் புரிந்துகொள்கிற இடத்தில்தான் கோளாறு. அதைக் கெடுத்ததே மருந்துதான், அதற்கு வைத்தியம் என்று திரும்பவும் மருந்தையே கொடுப்பார்களாம்.

மயக்க மருந்து டாக்டர் இன்றைக்கு மத்தியானம் வார்டுக்கு வந்தார். ஹெப்சிபா என்று பெயர். நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டியிருந்தார். மூன்று முறையும் அவர்தான் மருந்து கொடுத்தவர். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“டாக்டர், இந்த மருந்தால இவன் மூளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க.”

“என்னம்மா? சத்தமா.”

திரும்பச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார மாட்டார்கள், இல்லையா? அவர் உட்கார்ந்தார். “எலிக்குட்டி படிச்சீங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். “நானும் படிச்சேன். ஒரு மாசம் தூங்கல. இருபத்தாறு வருஷமா குடுத்துட்டிருக்கேன்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ஒரு தடவை, கொஞ்ச நேரம் குடுத்த பிள்ளைங்க மத்த பிள்ளைங்க மாதிரியேதான் வளருதுங்க, அது பார்த்தாச்சு. பல தடவைன்னா கொஞ்சம் சந்தேகம் இருக்கு. யாருக்கும் முழுசாத் தெரியாது. நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம். ஆனா அவன் காது கேக்காம போற ஒவ்வொரு மாசமும் பேச்சு போகுது. அதுல சந்தேகம் இல்ல. பேச்சு வர்ற வயசு மூளைக்கும் திரும்பி வராது பாருங்க.”

அப்புறமும் ஏதோ சொன்னார். எனக்குச் சந்தேகம் இருக்கு என்பது மட்டும்தான் காதில் நின்றது. பொய் சொல்லியிருந்தால்கூட இருந்திருப்பேன் அக்கா. ஒண்ணும் ஆகாதும்மா என்று முதுகில் தட்டியிருந்தால் நான்காவது காகிதத்திலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். உண்மையைச் சொன்னார், பாலுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இவன் அப்பாவுக்குத் தெரியாது. நாளைக்கு விடிவதற்குள் காய்கறி வண்டியில் வருகிறேன் என்றார். இப்போதுகூடக் கூப்பிட்டார், நீங்கள் பார்த்தீர்களே. “எங்க இருக்க?” என்றார். பஸ்ஸில் இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். “என்ன? கேக்கல. சத்தமாப் பேசு!” என்றார். வைத்துவிட்டேன். அவருக்கு என்றைக்கு நான் சொன்னது கேட்டிருக்கிறது? கல்யாணமான புதிதில், “செய்தி வாசிக்கிறவ மாதிரி பேசற, அதுவும் வால்யூமைக் குறைச்சு வச்சு” என்பார்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

இவனை எங்கே நின்று கூப்பிட்டேனா? எப்போது?

நோட்டைக் கொடுங்கள், நானே படிக்கிறேன். என் எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும். மார்ச் ஒன்பது, காலை ஏழு பத்து, மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன், இவன் கூடத்தில். சரி. ஏழு நாற்பது, கூப்பிட்டதும் வந்தான். அது தட்டில் இட்லியோடு எதிரே நின்றேன், வராமல் இருப்பானா? மார்ச் பதினொன்று, சாயந்திரம், ஜன்னலில் நின்றிருந்தான், ஐந்து முறை, திரும்பவில்லை. அது... பின்னாலிருந்துதான். தலை வாரிவிடலாம் என்று சீப்போடு போனேன். மார்ச் பதினான்கு, கதை சொன்னேன், கடைசிவரை கவனித்தான், சிரித்தான். எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வரியைப் பாருங்கள், அதே கதை, அதே நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு, கவனிக்கவில்லை, புரண்டு படுத்துக்கொண்டான்.

தூக்கம் வந்திருக்கும்.

முன்னால் நின்றால் என்ன, பின்னால் நின்றால் என்ன அக்கா? அம்மா அம்மாதானே? தட்டுச் சத்தத்துக்குத் திரும்பினானே?

தரையில்தான் போட்டேன். ஆமாம். இவனும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான். கிரைண்டரும் அப்படித்தான், கன்னத்தை வைத்தால் அதிரும்... இவன் அப்பா தலையும்...

கொஞ்சம் இருங்கள். பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

மார்ச் இருபது. ஏப்ரல் இரண்டு. ஏப்ரல் மூன்று. எழுபது நாள் எழுதியிருக்கிறேன் அக்கா. மணி எழுதியிருக்கிறேன், என்ன சாப்பிட்டான் என்று எழுதியிருக்கிறேன், மின்விசிறி ஓடியதா இல்லையா என்றுகூட எழுதியிருக்கிறேன். என்னை மட்டும் எழுதவில்லை.

இது எந்த இடம்? கொடைரோடு டோல்கேட்டா? மணி என்ன? நாலேகால். எதிர்ப்பக்கம் மதுரைக்கு பஸ் நிற்குமா? ஆறு மணிக்குள் போய்விடுமா? வார்டு இரண்டாவது மாடி. லிஃப்ட் வரத் தாமதமாகும், படியில் ஏறிவிடலாம்.

மருந்துப் பயம் போகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அது போகாது. ஐந்து மணி இருபதோடு பதினைந்தைக் கூட்டினால் ஐந்து முப்பத்தைந்து. நாளைக்கும் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பேன். இவன் பள்ளிக்கூடம் போய் ஒரு கணக்குத் தப்பாகப் போட்டால்கூட அந்தக் கடிகாரம்தான் ஞாபகம் வரும். இந்த டாக்டரே தெரியாது என்கிறபோது நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பஸ் கிளம்புகிறதே. கண்டக்டர் முன்னால் இருக்கிறார். நீங்கள் கூப்பிடுகிறீர்களா அக்கா? என் குரல் அவ்வளவு தூரம் போகாது.

வேண்டாம். இருங்கள். கொஞ்சம் வழி விடுங்கள், எழுந்துகொள்கிறேன். இவன் பாட்டுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்கட்டும். விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டக்டர்.

கண்டக்டர்!

வண்டிய நிறுத்துங்க! எறங்கணும்! நிறுத்துங்க!

அவர் திரும்பவில்லை. யாரோ விசில் அடிக்கச் சொல்கிறார்கள்... ஐயோ, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

அக்கா. அக்கா, இங்கே பாருங்கள். இவனைப் பாருங்கள். என்னைத்தானே பார்க்கிறான்?

நான் இவனுக்குப் பின்னால்தானே நிற்கிறேன்?